மீசைக்குத் தடவிய மருந்து

என் மீசையைப் பற்றி நானே பேசுவது நன்றாக இருக்காது. ஆனால் மற்றவர்கள் பேசி ஓய்ந்துவிட்டதால் நான்தான் பேச வேண்டியிருக்கிறது. தல்லாகுளம் பக்கத்தில் ஒரு கோர்ட்டில் எனக்கு டவாலி வேலை. வெள்ளை உடுப்பு, குறுக்கே சிவப்புப் பட்டை, தலைப்பாகை, அதற்குக் கீழே மீசை. நீதிபதி வரும்போது அவருக்கு முன்னால் நடப்பதும், வாசலில் நின்று கட்சிக்காரர்களின் பெயரை மூன்று தடவை உரக்கக் கூப்பிடுவதும்தான் என் உத்தியோகம். புதிதாக வருகிற கட்சிக்காரர்கள் என்னைக் கும்பிட்டுவிட்டுத்தான் நீதிபதி யாரென்று தேடுவார்கள் என்று நான் பல பேரிடம் சொல்லியிருக்கிறேன். நீதிபதியிடம் மட்டும் சொன்னதில்லை.

குடியிருந்தது தல்லாகுளத்தில்; சொந்த ஊர் சமணர் மலை அடிவாரத்தில் கீழக்குயில்குடி. என் ஒரே தங்கை செல்லக்கிளியை உள்ளூரிலேயே கட்டிக்கொடுத்திருந்தோம். அவளுக்குப் பல வருஷம் பிள்ளையில்லை. ஏறாத கோயில் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்த வருஷத்தின் கடைசியில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. குலசாமியின் பெயரையே வைத்து ஒச்சாயி என்று கூப்பிட்டார்கள்.

அந்தக் குழந்தைக்கும் எனக்கும் ஒரு விளையாட்டு உண்டு. நான் வாசற்படியில் நின்று, கோர்ட்டில் கூப்பிடுகிற அதே குரலில், "ஒச்சாயீ... ஒச்சாயீ... ஒச்சாயீ..." என்று இழுப்பேன். கோர்ட்டில் மூன்றாவது கூப்பாட்டுக்கும் வராதவர்களே அதிகம். இவள் இரண்டாவதற்கே இரண்டு கையையும் தூக்கிவிடுவாள். தூக்கிக்கொண்டால் நேராக மீசையைத்தான் பிடிப்பாள். எங்கள் வீட்டில் பிறந்த இரண்டும் பையன்கள். மீசையைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிந்து வளர்ந்தவர்கள். ஆகவே மீசையை மதித்த முதல் குழந்தை இவள்தான் என்று எனக்கு அவள்மேல் தனிப் பிரியம்.

அவளுக்கு மொட்டையடித்துக் காது குத்த, ஊர் அய்யனார் கோயிலில் நாள் குறித்தார்கள். எங்கள் பக்கத்தில் காது குத்து என்றால் தாய்மாமன் மடி. பந்தல், பாட்டு, சாப்பாடு எல்லாம் அதற்குப் பிறகுதான். பத்திரிகையில் என் போட்டோவையும் அச்சடித்திருந்தார்கள். போட்டோவில் என் கண் சரியாக விழவில்லை; மீசை நன்றாக விழுந்திருந்தது. அதனால் யாரும் குறை சொல்லவில்லை.

பத்திரிகை வந்த அன்று அந்தப் போட்டோவைக் கண்ணாடி பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தேன். மீசையில் இரண்டு நரைமுடி தெரிந்தன. ஊரே பார்க்கப்போகிற மீசையில் நரையா? இடுப்புக் கயிற்றில் தொங்கிய முள்வாங்கியை எடுத்து இரண்டையும் பிடுங்கினேன். முந்தின நாள் சாயந்திரம்தான் அதே முள்வாங்கியால் குதிகாலில் ஏறிய கருவேல முள்ளை எடுத்திருந்தேன். நடுவில் அதைக் கழுவ வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. முள்வாங்கியை யார் கழுவுகிறார்கள்?

பிடுங்கிய இடத்தில் முதலில் ஒரு பரு. அப்புறம் சீழ் வைத்து நாலைந்து. அவை உடைந்து, கருப்பட்டிப் பாகு சிந்திக் காய்ந்த மாதிரி மஞ்சளாகப் பொருக்குத் தட்டியது. முடிக்கு அடியில் இருந்ததால் வெளியே தெரியவில்லை. அரிப்பும் எரிச்சலும் எனக்கு மட்டும் தெரிந்தன. பெயர் கூப்பிடும்போது மேலுதடு இழுத்ததால், ஆறுமுகம் என்ற கட்சிக்காரரின் பெயரைப் பாதியில் விழுங்கிவிட்டேன். அவர் வராண்டாவிலேயே உட்கார்ந்திருந்தார், வாய்தா போய்விட்டது.

கோர்ட்டில் டைப் அடிக்கிற கண்ணுச்சாமி என் சேக்காளி. மீசையை விலக்கிக் காட்டினதும் அவன் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு ட்யூபை எடுத்தான். வாலிலிருந்து கழுத்து வரைக்கும் சுருட்டிப் பிதுக்கிய ட்யூப்.

"இதப் போடுங்கண்ணே. படை, சொறி, கொசுக்கடி அம்புட்டுக்கும் இது ஒண்ணுதான். எங்க வீட்ல எல்லாரும் இதத்தான் போடுறோம்."

"டாக்டர் கொடுத்ததா?"

"எங்க மச்சினனுக்குக் கொடுத்தாக. அவனுக்குக் கேட்டுச்சு. ஒங்களுக்குக் கேக்காதா?"

கேட்டது. இரண்டே நாளில் சிவப்பு அடங்கி, அரிப்பும் நின்றது. கண்ணுச்சாமியைக் கைராசிக்காரன் என்று நாலு பேரிடம் புகழ்ந்தேன். அந்த நாலு பேரில் இரண்டு பேர் ட்யூபை வாங்கிக்கொண்டும் போனார்கள். அந்த வாரம் முடிவதற்குள் புண் மூக்கு நுனிவரை ஏறி, கடைவாய்வரை இறங்கிவிட்டது. காலையில் தலையணையை விட்டு எழுந்தால் மீசையில் ஒரு பகுதி தலையணையோடு ஒட்டிக்கொண்டு வரப் பார்த்தது.

என் மனைவி மாயக்காள் அதற்குமேல் பொறுக்கவில்லை. கையைப் பிடித்து இழுக்காத குறையாக டாக்டர் அமலோற்பவத்திடம் கூட்டிக்கொண்டு போனாள். அந்த அம்மாவுக்குச் சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம். தல்லாகுளத்தில் தோல் வியாதிக்குத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். விளக்கைப் பக்கத்தில் இழுத்து, ஒரு குச்சியால் என் மீசையை வைக்கோல் மாதிரி விலக்கிப் பார்த்தார். கண்ணுச்சாமியின் ட்யூபைக் காட்டினேன். அதன் பின்பக்கத்தை வாசித்துவிட்டுக் குப்பைக் கூடையில் போட்டார்.

"இது அரிப்பை அடக்கும், சிவப்பை மறைக்கும். உள்ள கிருமி இருந்தா அதுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி. அடுத்தவங்க மருந்தை ஏன் போட்டீங்க?"

"அவுக மச்சினனுக்குக் கேட்டுச்சாம்" என்றேன். சொல்லும்போதே எனக்கு அது மடத்தனமாகத்தான் இருந்தது.

அவர் வேறொரு களிம்பு எழுதிக் கொடுத்து, எப்படிப் போட வேண்டும் என்றும் சொன்னார். சொன்னது எனக்கில்லை, மாயக்காளுக்கு. என் முகத்தைப் பார்த்ததுமே ஆளை எடை போட்டிருப்பார். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும். பொருக்கை வெந்நீர்த் துணியால் ஊறவைத்து மெதுவாக எடுக்க வேண்டும், பிய்க்கக் கூடாது. சுத்தமாகத் துடைத்த பிறகு புண்மேல் மெல்லிசாகத் தடவ வேண்டும். சட்னி மாதிரி அப்பக் கூடாது. ட்யூபின் வாய் புண்ணில் படக் கூடாது. போட்ட பிறகு மறுபடி கை கழுவ வேண்டும். துண்டும் தலையணை உறையும் தனியாக இருக்க வேண்டும். புண் காய்ந்தது மாதிரி தெரிந்தாலும் அவர் நிறுத்தச் சொல்லும்வரை போட வேண்டும். பிதுக்கவே கூடாது. காய்ச்சல் வந்தாலோ முகம் வீங்கினாலோ உடனே ஓடிவர வேண்டும்.

"இன்னொண்ணு. இவ்வளவு முடி இருந்தா மருந்து தோலுக்குப் போகாது. கத்தி போடாதீங்க, புண்ணு பரவும். ஒரு கத்தரியைக் கொதிக்கவெச்சு, மீசையை ஒட்ட வெட்டிடுங்க."

எனக்கு நாற்காலியிலிருந்து எழுந்துவிடலாம் போல இருந்தது. எங்கள் ஊரில் ஒருவன் மீசையை எடுத்தால் அவன் வீட்டில் அப்பனோ ஆத்தாளோ செத்துப்போனார்கள் என்று அர்த்தம். எங்கள் வீட்டில் இரண்டு பேரும் நன்றாக இருந்தார்கள். ஐயா அந்த வருஷம்கூடச் சொந்தமாக உழுதார்.

"எங்க ஐயா உசுரோட இருக்காரும்மா" என்றேன்.

"ரொம்ப சந்தோஷம். நல்லா இருக்கட்டும்" என்றார் டாக்டரம்மா. நாகர்கோவிலில் வேறு வழக்கம் போலிருக்கிறது.

"வீட்ல கைக்குழந்தை இருக்கா?" என்று கடைசியில் கேட்டார். தங்கச்சி குழந்தை இருக்கிறது, காது குத்தப் போகிறோம் என்று மாயக்காள் சொன்னாள். "புண்ணு ஆறுற வரைக்கும் குழந்தையைத் தூக்க வேண்டாம். இது தொத்தும். சின்னக் குழந்தைக்குப் பொல்லாதது."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். மீசையை மட்டும் என் அறிவுக்கு விட்டுவிட்டேன். மருந்து போதாது என்றால் கூடுதலாகப் போட்டால் தீர்ந்தது. முடியைத் தாண்டிப் போகாதா? மாயக்காள் வெந்நீர்த் துணியோடு வந்தால் அவளை அனுப்பிவிட்டு, ட்யூபை நேராக மீசையில் வைத்துப் பிதுக்கி, இரண்டு கையாலும் நீவி, முனையை முறுக்கி மேலே ஏற்றினேன். இதுவரை எந்த எண்ணெய்க்கும் நிற்காத மீசை அந்தக் களிம்புக்கு நின்றது. பளபளவென்று நின்றது. கோர்ட்டில் ஒரு வக்கீல் நின்று, "என்ன வீரணன், மீசைக்கு என்ன போடுறீர்?" என்று கேட்டார். வெளிநாட்டுச் சாமான் என்று சொல்லிவிட்டேன். மருந்தெல்லாம் மீசைக்குப் போயிற்று. புண் பட்டினி கிடந்தது.

விளக்குத்தூண் கடைத்தெருவில் குழந்தைக்குத் துணி எடுக்க வந்த செல்லக்கிளி அப்படியே எங்கள் வீட்டுக்கும் வந்தாள். இடுப்பில் ஒச்சாயி. என்னைக் கண்டதும் காலை உதைத்துக்கொண்டு துள்ளினாள்.

"புள்ளையத் தொடாதீக. டாக்டரம்மா சொன்னாகல்ல?" என்றாள் மாயக்காள்.

"மருந்து போட்டிருக்கேன்ல? இம்புட்டு மருந்தத் தாண்டிக் கிருமி வந்துருமாக்கும்?"

"என்ன மதினி, அண்ணனுக்கு என்ன?" என்று செல்லக்கிளி கேட்டாள்.

"ஒண்ணுமில்லத்தா, சின்னப் பரு" என்று நானே முந்திக்கொண்டேன். மாமன் மடிக்கு உரியவன் பருவுக்குப் பயந்து குழந்தையைத் தூக்கவில்லை என்று பேர் வரலாமா? வாசற்படிக்குப் போய் நின்றேன். "ஒச்சாயீ... ஒச்சாயீ..." இரண்டு கையும் மேலே போயின. தூக்கினேன். அவள் மீசையின் இரண்டு முனையையும் பிடித்து மாடு ஓட்டுகிற மாதிரி இழுத்தாள். பிடித்த கையை அப்படியே வாயில் வைத்துக்கொண்டாள். மாயக்காள் அவளைப் பிடுங்கிக்கொண்டு போய்க் கையைக் கழுவிவிட்டாள். நான் அதற்கும் சிரித்தேன்.

அடுத்த வாரம் நான் கோர்ட் வாசலில் நின்று கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, செல்லக்கிளியின் புருஷன் சோணை சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க வந்தார்.

"மச்சான், பாப்பாவுக்கு மோவாயிலயும் விரல்லயும் கொப்புளம். ராவெல்லாம் அழுகை. எங்காத்தா அக்கிங்குது. பான செய்யுற வேளாரக் கூட்டியாந்து காவியில அக்கி எழுதணும்னு நிக்குது. செல்லக்கிளி ஒங்களக் கேட்டுட்டு வரச் சொன்னா."

என்னைக் கேட்டு வரச் சொல்லியிருக்கிறாள். எனக்குத்தான் மருந்து தெரியுமே. அரை நாள் லீவு சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய் என் ட்யூபையும் மாயக்காளையும் கூட்டிக்கொண்டு பஸ் ஏறினேன். வழியெல்லாம் அக்கியாகத்தான் இருக்கும், வெயில் அப்படி என்று நானே பேசிக்கொண்டு போனேன்.

தொட்டிலில் எட்டிப் பார்த்ததும் என் பேச்சு நின்றுவிட்டது. அந்தச் சின்ன மோவாயில், கருப்பட்டிப் பாகு காய்ந்த மாதிரி மஞ்சள் பொருக்கு. மீசையைப் பிடித்த விரல்களிலும் அதே பொருக்கு. தினமும் காலையில் கண்ணாடியில் பார்க்கிற புண்ணை எனக்கு அடையாளம் தெரியாதா? குழந்தை அழுது அழுது தொண்டை கட்டியிருந்தாள். அப்படியும் என்னைப் பார்த்ததும் இரண்டு கையையும் தூக்கினாள். நான் யாரையும் கூப்பிடவில்லை. அவளாகத்தான் தூக்கினாள்.

ஏதாவது செய்தாக வேண்டும் என்ற பதற்றத்தில் ட்யூபைத் திறந்து விரலில் பிதுக்கினேன். மாயக்காள் என் கையை ஓங்கித் தட்டினாள். ட்யூப் தொட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

"ஒங்க மீசையில தேச்ச ட்யூப பச்சப்புள்ள வாயிலயா தேய்க்கப் போறீக? எந்திரிங்க. எல்லாரும் டாக்டரம்மாகிட்டப் போவோம்."

டாக்டரம்மா குழந்தையை வெகு நேரம் பார்த்தார். காய்ச்சல் அளந்தார். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். மீசை பளபளவென்றுதான் இருந்தது.

"வெட்டலையா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"நல்லவேளை, பரவுறதுக்கு முன்னாடி கொண்டுவந்தீங்க. இதைவிடச் சின்னக் குழந்தையா இருந்தா, இல்ல ரெண்டு நாள் காவி பூசிக்கிட்டு உட்கார்ந்திருந்தா, ரத்தத்துலகூடப் போயிருக்கும்" என்றார். குழந்தைக்குத் தனிக் களிம்பும், உள்ளுக்கு ஒரு மருந்தும் எழுதினார். நகத்தை வெட்டிவிடச் சொன்னார். களிம்பு போட்ட விரலை வாயில் வைக்காமல் துணி சுற்றச் சொன்னார்.

"காதுகுத்துக்கு நாள் வச்சிருக்கோம்மா" என்றாள் செல்லக்கிளி.

"தள்ளிப் போடுங்க. காது குத்துறதுன்னா புதுசா ஒரு புண்ணு. இந்தக் கிருமி உடம்புல இருக்கும்போது புதுப் புண்ணு வேண்டாம். ஆறினப்பறம் நானே பார்த்துச் சொல்றேன். மாமாவுக்கும் அதே சட்டம்தான்."

வெளியே வராண்டாவில் செல்லக்கிளி அழாமல் பேசினாள். அவள் அழுதிருந்தால் எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

"டாக்டரம்மா புள்ளையத் தொடாதன்னு சொன்னது ஒனக்குத் தெரியும்ல? தெரிஞ்சுதான தூக்குன? எத்தன கோயிலு ஏறிப் பெத்த புள்ளைண்ணே இது. ஒன் மீசை அம்புட்டு ஒசத்தியா?"

"செல்லக்கிளி..."

"நீ ஒண்ணும் பேசாத. காதுகுத்துக்குப் பெரியப்பா மகன் பேயாண்டி அண்ணன் மடியில ஒக்கார வச்சுக்கிறேன். ஒன் மடி வேணாம்."

பேயாண்டி என் பெரியப்பா மகன்தான். முறைக்கு அவனும் மாமன்தான். அவன் மீசை கருவேல மரத்தில் ஒட்டிய பஞ்சு மாதிரி இருக்கும் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

வீட்டுக்கு வந்ததும் மாயக்காளிடம் கத்தரியைக் கொதிக்கவைக்கச் சொன்னேன். அவள் ஏற்கெனவே அடுப்பில் வைத்திருந்தாள். முற்றத்தில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டேன். மீசை பழைய பேப்பரில் விழுந்தது. அத்தனை வருஷம் தூக்கிச் சுமந்தது ஒரு கைப்பிடிகூட இல்லை.

மாயக்காள் என் முகத்தையே பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பார்க்காத இடம். "ஒங்களுக்கு மேலுதடு இம்புட்டுச் சின்னதா?" என்று கேட்டுவிட்டு, சிரிப்பை அடக்க முடியாமல் வெந்நீர் எடுக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து அவள் போட்டதுதான் மருந்து. பழைய ட்யூபை எறிந்துவிட்டுப் புது ட்யூப் வாங்கினோம். வெந்நீர்த் துணியால் பொருக்கை ஊறவைப்பாள், தனித் துண்டால் ஒற்றுவாள், கடுகளவு களிம்பைப் புண்மேல் மட்டும் தடவுவாள். முன்னால் ஒரே மூச்சில் பிதுக்கித் தீர்த்ததில் பாதிகூடச் செலவாகவில்லை. புண் தெரிய ஆரம்பித்ததும் ஆறவும் ஆரம்பித்துவிட்டது. காய்ந்து தோல் பழையபடி ஆனதும், போதும் நிறுத்து என்றேன். டாக்டரம்மா சொல்லட்டும் என்றாள். நிறுத்தவில்லை.

கோர்ட்டில்தான் சங்கடம். வெறும் உதட்டோடு போன முதல் நாள் யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. தோளைத் தொட்டார்கள், பெருமூச்சு விட்டார்கள், டீ வாங்கிக் கொடுத்தார்கள். மீசைக்கு என்ன போடுகிறேன் என்று கேட்ட வக்கீல் என் கையைப் பிடித்துக்கொண்டு, "வயசாயிடுச்சு, என்ன செய்யறது" என்றார். மேலுதட்டில் புண் என்று விளக்கினால், துக்கத்தில் உளறுகிறேன் என்று நினைத்தார்கள். கண்ணுச்சாமி மட்டும் விஷயம் தெரிந்தும், "ஐயா நல்ல மனுசன்ணே" என்று கண் கலங்கினான்.

அன்றைக்கு ஒரு வழக்குக்கு வந்திருந்த எங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் என்னைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டு அப்படியே பஸ் ஏறிவிட்டார். மறுநாள் காலையில் உறவுக்காரர்கள் மாலையும் கோடித்துணியுமாக ஊரில் ஐயா வீட்டு வாசலில் வந்து இறங்கி, நாலு பெண்கள் ஒப்பாரியை எடுத்தே விட்டார்கள். மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஐயா வாளியோடு வந்து, "யாரு தவறிட்டாக?" என்று கேட்டிருக்கிறார். ஆத்தா எல்லாருக்கும் காப்பி போட்டுக் கொடுத்தாளாம். அந்த மாலையைக் கடைசியில் மாட்டுக்குப் போட்டார்களாம்.

இதையெல்லாம் ஐயா ஆள் விட்டுச் சொல்லி அனுப்பினார். தங்கையிடமிருந்து ஒரு சொல் வரவில்லை. குழந்தைக்கு ஆறிவிட்டது, தழும்புகூட விழவில்லை என்று சோணை மூலம்தான் தெரிந்தது. டாக்டரம்மா என்னையும் பார்த்து, களிம்பை நிறுத்தலாம், குழந்தையைத் தூக்கலாம் என்றார். சொல்லிவிட்டார், ஆனால் தூக்கக் குழந்தை வேண்டுமே? வாசற்படியில் நின்று யாருடைய பெயரையும் கூப்பிட எனக்குப் பிடிக்கவில்லை. கோர்ட்டில் கூப்பிட்டதுகூடச் சம்பளத்துக்காகத்தான்.

மறுபடி நாள் குறித்து, அய்யனார் கோயிலில் காதுகுத்து வந்தது. தாமரைக் குளத்துப் பக்கம் பந்தல். முறைச் சீரைத் தலையில் சுமந்துகொண்டு நானும் மாயக்காளும் போனோம். சீர் கொண்டுவரக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை என்பது மட்டும்தான் எனக்கிருந்த தெம்பு. ஐயா பந்தலில் உட்கார்ந்திருந்தார். என் உதட்டைப் பார்த்துவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்குச் செய்ய வேண்டியத முன்கூட்டியே செஞ்சுட்டான். இனி நான் போகும்போது எவனும் இவனக் கொற சொல்ல முடியாது."

பந்தலே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்வது? எதிரே சன்னதியில் கருப்பசாமி மீசையோடு உட்கார்ந்திருந்தார். அவர் பக்கம் மட்டும் நான் திரும்பவில்லை.

மொட்டையடித்துச் சந்தனம் பூசிக் குழந்தையைக் கொண்டுவந்தார்கள். ஆசாரி கொதித்த நீரில் போட்ட தங்கக் கம்பியை எடுத்துக்கொண்டார். அது டாக்டரம்மா உத்தரவு. மணையில் உட்காருவது யார் என்று எல்லாரும் செல்லக்கிளியைப் பார்த்தார்கள். பேயாண்டி புது வேட்டியைச் சரிசெய்துகொண்டு முன்னால் நின்றான். செல்லக்கிளி என் பக்கம் வந்தாள். அத்தனை நாளைக்குப் பிறகு அவள் என்னிடம் பேசிய முதல் பேச்சு இது.

"கையக் கழுவுனியா?"

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தாள். அப்புறம் தலையசைத்தாள். நான் போய் மணையில் உட்கார்ந்தேன்.

குழந்தையை மடியில் வைத்தார்கள். அவள் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கண்ணைப் பார்த்தாள், மூக்கைப் பார்த்தாள், மூக்குக்குக் கீழே பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. இந்த ஆளை அவளுக்குத் தெரியாது. உதடு பிதுங்கி, மூச்சை இழுத்து, வீரிட்டு அலறினாள். என் மடியிலிருந்து வழுக்கி, அம்மாவின் முந்தானையைப் பிடித்துத் தொங்கினாள். செல்லக்கிளி தேற்றிப் பார்த்தாள், மாயக்காள் கிலுகிலுப்பையை ஆட்டிப் பார்த்தாள். குழந்தை என் பக்கம் திரும்பவே இல்லை.

"நல்ல நேரம் போகுதுப்பா" என்றார் ஆசாரி.

"நான் வேணா ஒக்காரட்டுமா?" என்றான் பேயாண்டி, தன் மீசையைத் தடவிக்கொண்டே.

செல்லக்கிளி என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை கோபத்தில் பார்க்கவில்லை. அவளுக்கும் வேறு வழி தெரியவில்லை. நான் எழுந்தேன். மணையை விட்டு இறங்கும்போது இதுதான் நியாயம் என்றுகூட நினைத்தேன். பந்தலின் கடைசிக் கால்வரை நடந்து போனேன். அங்கே நின்று திரும்பினேன். இனி எது போனாலும் போகட்டும் என்று, ஒரு ஊரே பார்த்துக்கொண்டிருக்க, கோர்ட்டு வாசல் குரலில் இழுத்தேன்.

"ஒச்சாயீ..."

அழுகை பாதியில் நின்றது.

"ஒச்சாயீ..."

முந்தானைக்குள்ளிருந்து மொட்டைத் தலை மெதுவாகத் திரும்பியது. கண்ணீரோடு சந்தனம் வழிந்த முகம். அவள் என்னைப் பார்க்கவில்லை. குரல் எங்கிருந்து வருகிறது என்று தேடினாள்.

"ஒச்சாயீ..."

மூன்றாவது தடவை என் குரல் பிசிறிவிட்டது. கோர்ட்டில் இப்படிக் கூப்பிட்டிருந்தால் வேலை போயிருக்கும். ஆனால் இரண்டு கையும் மேலே போயின.

நானே போய் வாங்கினேன். மடியில் வைத்துக்கொண்டேன். அவள் ஒரு விரலால் என் மேலுதட்டைத் தொட்டாள். இந்தக் கடைவாய் முதல் அந்தக் கடைவாய் வரை தடவித் தேடினாள். கிடைக்கவில்லை. சரி போகட்டும் என்பது மாதிரி என் மார்பில் சாய்ந்துகொண்டாள். ஆசாரி அந்த நேரத்தில் வேலையை முடித்தார். அவள் என் சட்டையைக் கடித்துக்கொண்டு அழுதாள். என் உதடு துடிக்க ஆரம்பித்தது, நிறுத்த முடியவில்லை. மீசை இருந்திருந்தால் ஒருத்தருக்கும் தெரிந்திருக்காது. அன்றைக்கு மொத்த ஊரும் பார்த்தது, கருப்பசாமியும் பார்த்தார். பார்த்தால் பார்க்கட்டும் என்று குழந்தையை இறுக்கிக்கொண்டேன்.